அம்மாவுக்குப் பரிசா, வாய்ப்புக்கு மனுவா?

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லி லாரி டிரைவராக இருந்தபோது, அம்மாவின் பிறந்தநாளுக்குப் பரிசு தருவதற்காக ஒரு ஸ்டுடியோவில் பாடினாராம். அதைக் கேட்ட முதலாளி அன்றே அவரைப் பாடகராக்கிவிட்டாராம். திறமை இருந்தால் அதிர்ஷ்டம் வீடு தேடி வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கட்டாயம் வேண்டும். இந்தச் சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்காது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம், யூனியன் அவென்யூ, எண் 706. சாம் பிலிப்ஸ் நடத்திய அந்தச் சின்ன ஸ்டுடியோவுக்குள் எல்விஸ் முதலில் நுழைந்தது 1953 கோடையில். அவருடைய அம்மா கிளாடிஸின் பிறந்தநாள் ஏப்ரலிலேயே வந்து போய்விட்டது. அப்போது எல்விஸ் லாரியும் ஓட்டவில்லை. அந்த வேலைக்குச் சேர்ந்தது 1954-இல்தான். ஏறக்குறைய நாலு டாலர் கட்டி இரண்டு பாட்டை இசைத்தட்டில் பதிந்து வாங்கினார். அதைப் போட்டுக் கேட்கப் பள்ளித் தோழன் வீட்டுக்குப் போனவர், தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்கான பரிசு தோழன் வீட்டில்! (2015-இல் அது 3 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.)

அம்மாவுக்காகத்தான் என்று எல்விஸே பின்னால் சொன்னதுண்டு. சொல்வார்தான். பதினெட்டு வயதுக் கூச்ச சுபாவி, 'எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்' என்று நேராகவா கேட்பான்?

முதலாளி அன்றே கைதூக்கிவிட்டார் என்பதும் கதைதான். பையனின் பெயரைக் குறித்து வைத்து, 'நல்ல பாடகர்' என்று எழுதியவர் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட மேரியன் கைஸ்கர். அந்த அம்மாளை யாரும் நினைப்பதில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. 1954 ஜனவரியில் மறுபடியும் கைக்காசைப் போட்டு இன்னொரு தட்டு. அப்போதும் ஒன்றுமில்லை. ஜூனில் ஒருவழியாகச் சாம் கூப்பிட்டு ஒரு பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்; அது சரியாக வரவில்லை.

அப்புறம்தான் ஜூலை 5. கிதாருக்கு ஸ்காட்டி மூர், பேஸுக்கு பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. உருகி உருகிக் காதல் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள்; எதுவும் ஒட்டவில்லை. இடைவேளையில் எல்விஸ் 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற பழைய ப்ளூஸ் (கறுப்பின மக்களின் இசை) பாட்டை எடுத்துக்கொண்டு குதித்துக் கும்மாளம் போட, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்து தலையை நீட்டிய சாம், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர்களுக்கே தெரியவில்லை. சரி, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லி டேப்பை ஓடவிட்டார். அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது சாமின் காதுதான். கறுப்பினக் கலைஞர்களைப் பல வருடம் பதிவு செய்து பழகிய காது. விளையாட்டாக வந்த சத்தத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிடிபட்டது. சாமின் 'சன்' நிறுவனத் தட்டுகளில் கேட்கிற அந்தத் துள்ளும் எதிரொலிகூட, இரண்டாவது டேப் மெஷின் வழியாக ஒலியை இம்மியளவு தாமதித்துச் சாம் சேர்த்த கைவேலை.

சில நாளில் உள்ளூர் வானொலியில் டூயி பிலிப்ஸ் (சாமுக்கு உறவில்லை) அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். அன்றிரவே எல்விஸை வரவழைத்து, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். பள்ளிகள் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த ஊர். பள்ளியின் பெயரைச் சொன்னாலே பாடியவன் வெள்ளைப் பையன் என்று ஊருக்குப் புரிந்துவிடும்.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்குச் சாமிடமிருந்து ஆர்சிஏ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அதிர்ஷ்டம் வீடு தேடி வரும் என்கிறீர்களே, 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை எழுதி, 1946-இலேயே பாடிப் பதிந்தவர் ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர். அவர் பாடியதும் இதே ஆர்சிஏவுக்குத்தான். சேரவேண்டிய ராயல்டியில் பெரும்பகுதி கைக்கு வராமலே 1974-இல் அவர் இறந்துபோனார். அவருக்குத் திறமையில் என்ன குறை என்று நீங்களே சொல்லுங்கள்.