விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் தாய்ப்பால் கூடுமா?

கேள்வி: எங்கள் குழந்தை 30 வாரத்தில் சிசேரியனில் பிறந்தது. எடை 1,300 கிராம். இன்று பத்தாவது நாள், இன்னும் என்ஐசியூவில்தான் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது. என் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பம்ப் வைத்துப் பால் எடுக்கிறாள். மொத்தம் 200 மில்லி தேறுகிறது. பம்பைப் போட்டாலே அங்கே மானிட்டர் அடிக்கும் சத்தம் காதுக்குள் கேட்கிறது என்கிறாள். விளையாட வாங்கிய விஆர் ஹெட்செட் ஒன்று (கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பது போலக் காட்டும் கருவி) வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு எடுத்தால் பால் கூடும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த ‘ஐந்தாறு முறை’யைப் பற்றிப் பேசிவிடுவோம்.

இன்றைக்கு 200 மில்லி போதும் போலத்தான் தோன்றும். 1,300 கிராம் குழந்தை முழு அளவுப் பாலுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி என்று கணக்குப் போட்டாலும் 195தான் வருகிறது. ஆனால் குழந்தை வளரும். மார்பு எவ்வளவு சுரக்கப் பழகுகிறது என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் நிலைபெற்றுவிடுகிறது. 14ஆம் நாள் வாக்கில் ஒரு நாளைக்கு 500 மில்லி என்று நாங்கள் இலக்கு வைப்பது அதனால்தான். பதினைந்தாம் நாள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பிறகும் ஏற்றலாம், கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை: 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுப்பது. அதில் ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு இருக்கட்டும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் இரட்டை மின்பம்ப் கிடைத்தால் நேரம் பாதியாகும். பம்ப் ஓடும்போதே கையால் மார்பை அழுத்திவிட்டு, முடிவில் கொஞ்சம் கையாலும் பீய்ச்ச வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்ட்டன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், பம்ப் மட்டும் வைத்துக்கொண்டிருந்த குறைமாதத் தாய்மார்கள் கையையும் சேர்த்துக்கொண்டதும் பால் சராசரியாக 48 சதவீதம் கூடியது. செலவில்லாத வழி.

சரி, இப்போது ஹெட்செட்டுக்கு வருவோம்.

பால் சுரப்பது ஒன்று, இறங்குவது வேறொன்று. சுரக்க வைப்பது புரோலாக்டின். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன்; அது பால்பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்கச் செய்கிறது. பயம், வலி, பதற்றம் வந்தால் இந்த இரண்டாவது வேலை தடைபடும். நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் என்ற தம்பதி 1948இல் இதைத் தங்கள் வீட்டிலேயே சோதித்தார்கள். பால் கொடுக்கும் மனைவியின் காலைப் பனிக்கட்டி நீரில் வைப்பது, கால்விரலைப் பிடித்து இழுப்பது, கணக்குக் கேட்பது என்று கணவர் தொல்லை கொடுத்தார். குழந்தை குடித்த பால் சராசரியாக 168 கிராமிலிருந்து 99 கிராமுக்கு இறங்கியது. ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் தொல்லைக்கு நடுவிலும் 153க்கு ஏறியது. பால் உள்ளே இருந்திருக்கிறது, வெளியே வரவில்லை. (நீங்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

உங்கள் மனைவிக்குக் காதில் கேட்கும் மானிட்டர் சத்தமும் அந்தப் பனிக்கட்டி நீர் போலத்தான். 1989இல் அமெரிக்காவில் குறைமாதத் தாய்மார்களுக்கு மனதைத் தளர்த்தும் ஒலிநாடா ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் கேட்டவர்கள் ஒரு முறை எடுத்த பால், கேட்காதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. விஆர் அந்த ஒலிநாடாவின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறங்குவதற்குத்தான் உதவும், எட்டு முறைக்கு ஈடாகாது. நாலு முறை எடுத்துவிட்டு ஹெட்செட்டை நம்பினால் மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும்.

பயன்படுத்தும் முறை இது. முதலில் கை கழுவி, பம்பைப் பொருத்தி, புனல் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் உள்ளாடையைப் போட்டு, வலிக்காத அளவுக்கு இழுவிசையை வைத்துவிட வேண்டும். ஹெட்செட் கடைசியில்தான். போட்ட பிறகு புட்டி நிரம்புவதோ புனல் விலகுவதோ கண்ணுக்குத் தெரியாது, அதனால் முதல் சில முறை நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கையால் அழுத்துவதற்குக் கண் தேவையில்லை, தடவிப் பார்த்தே செய்யலாம். ஆனால் கை இரண்டும் அதற்கு வேண்டும். கன்ட்ரோலரைப் பிடிக்க வேண்டிய காட்சி எதுவும் உதவாது.

காட்சி நகராததாக இருக்கட்டும்: கடற்கரை, காடு, மழை, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பது. பறப்பது, ஓடுவது எல்லாம் தலைசுற்ற வைக்கும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். ஒத்துக்கொண்டால் முழு இருபது நிமிடத்துக்கும் வைக்கலாம். இந்தக் கருவிகள் பல அரைக் கிலோ எடை வரும், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டால் கழுத்து தப்பிக்கும். வலிப்பு நோய் இருந்தால் வேண்டவே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: கடுமையான தலைவலியோ கண்ணில் மின்னலோ வந்தால் ‘ஹெட்செட்டால்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இரத்த அழுத்தம் எகிறலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முகத்தில் படும் பகுதியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். கழற்றியதும் கை கழுவாமல் புட்டியைத் தொடக்கூடாது, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைக்குப் போகிற பால் அது.

குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கிற நேரத்தில் ஹெட்செட் வேண்டாம். இங்கே என் கருத்து கறார். மானிட்டர் பயமுறுத்தினால், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். நெஞ்சோடு வைத்துக் கங்காரு கவனிப்பு கொடுத்து முடித்த கையோடு பம்ப் வைத்தால் எந்தக் காட்சியாலும் தர முடியாத அளவுக்குப் பால் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஹெட்செட்டின் இடம் வீடு, அதுவும் அந்த நள்ளிரவு வேளை.

அப்புறம், அது பலன் தருகிறதா என்று தெரிய ஒரு நோட்டு போதும். மூன்று நாள் ஹெட்செட்டோடு, மூன்று நாள் குழந்தையின் வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை வைத்து. பம்ப் போட்டு எத்தனை நிமிடத்தில் சொட்டு ஓட்டமாக மாறியது, மொத்தம் எத்தனை மில்லி, இரண்டையும் எழுதுங்கள். ஒரே வேளையோடு ஒரே வேளையை ஒப்பிடுங்கள். பெரும்பாலான தாய்மார்களுக்குக் காலையில் இயல்பாகவே அதிகம் வரும். அதை ஹெட்செட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.