டிராக்குக்கும் மலைக்கும் ஒரே கார்: பிரேக் பேட், பிரேக் ஆயில் கேள்வி பதில்

பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு டிராக் டே (சொந்த வண்டியை டிராக்ல ஓட்டிப் பார்க்கற நாள்) ஓட்டப் போறவங்களும், போகலாமான்னு யோசிக்கறவங்களும், டிராக் பக்கமே போகாத சிலரும் கேட்ட கேள்விகள் இவை. டிராக்குக்குப் போறவங்கள்ல யாரும் காரை லாரியில ஏத்திக் கொண்டுபோறவங்க இல்ல. காலையில ஓட்டிட்டுப் போய், நாள் முழுக்க டிராக்ல மிதிச்சு, சாயங்காலம் அதே பிரேக்லதான் வீடு திரும்பணும். என் பதிலெல்லாம் அந்தத் திரும்பி வர்ற வழியையும் சேர்த்துப் பார்த்துச் சொல்றது.

மீனாட்சிபுரம், ஸ்விஃப்ட்: அண்ணா, அஞ்சாறு லேப் வரைக்கும் பிரேக் நல்லா இருந்துச்சு. அப்புறம் பெடல் தரை வரைக்கும் போயிருச்சு. ஆறினதும் சரியாயிருச்சு. நல்ல பேட் எது வாங்கலாம்?

பேட்டுக்கு இப்பப் பணம் செலவு பண்ணாதீங்க தம்பி, உங்க பிரச்சினை ஆயில்ல இருக்கு. பெடல் கல்லு மாதிரி நின்னும் வண்டி நிக்கலைன்னா பேட் சூடு தாங்கலைன்னு அர்த்தம். பெடல் பொசுக்குன்னு அமுங்கிப் போனா காலிப்பருக்குள்ள (பேட்டை டிஸ்க் மேல அழுத்தற பாகம்) ஆயில் கொதிச்சு ஆவியாயிருச்சுன்னு அர்த்தம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால உங்க காலோட பலமெல்லாம் அந்த ஆவியை அமுக்கறதுலயே போயிருது, பேட் வரைக்கும் வந்து சேர்றதில்ல.

ஆறினதும் பெடல் திரும்பி வந்துச்சுங்கறதுக்காகச் சரியாயிருச்சுன்னு நினைக்காதீங்க. காத்துல இருந்து ஆயில்ல சேர்ந்த தண்ணி அங்கேயேதான் இருக்கு, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா கொதிக்கும். பழைய ஆயிலை முழுசா எடுத்துட்டுப் புதுசு போட்டு, நாலு சக்கரத்துலயும் ஏர் எடுங்க. பின்னாடி டிரம்தானேன்னு அதை விட்டுராதீங்க. இவ்வளவும் பண்ணின பிறகும் பிரச்சினை இருந்தா பேட்டைப் பத்திப் பேசலாம்.

வால்பாறை, வேகன் ஆர்: ஆயில் மாத்தி மூணு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. டப்பாவுல அளவு குறையவே இல்ல. எதுக்கு மாத்தணும்?

அளவு குறையாதது நல்ல விஷயம்தான். ஆனா தரம் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தர வகை. நம்ம வண்டிகள்ல இருக்கற டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே கிளைக்கால்ங்கற ரசாயன வகை, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். ரப்பர் ஹோஸ் வழியாவும் டப்பா மூடி வழியாவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும்.

டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் குறைஞ்சபட்சம் 155 ஆயிரும். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. நீங்க இருக்கறது சின்னக்கல்லார் மழை பெய்யற ஊர், ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க. டிராக் போறவங்க ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னாடியும் மாத்தணும்னு நான் சொல்லுவேன். ஒரு லிட்டருக்குள்ள வேலை முடிஞ்சிரும், பேட் விலையோட பார்த்தா ஒண்ணுமே இல்ல.

இன்னொண்ணு, மிச்சம் இருக்கற பாட்டிலை மூடி வெச்சு அடுத்த வருசம் ஊத்தாதீங்க. பாட்டில்ல இருந்தாலும் அது ஈரத்தை இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

சித்தூர், எலீட் ஐ20: டாட் 5, டாட் 5.1 ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்லைங்க. டாட் 5 சிலிக்கான் வகை, கிளைக்கால் ஆயிலோட சேராது. அது ஏபிஎஸ் வண்டிக்குப் பொருந்தாது, அதனால உங்க காருக்கு வேண்டாம். 5.1 கிளைக்கால்தான், டாட் 4 இருந்த வண்டியில போடலாம். கொஞ்சம் கெட்டி குறைஞ்ச ஆயில்ங்கறதால ஏபிஎஸ் பம்புக்கும் நல்லது. எதைப் போட்டாலும் பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயின்ட்டை உரிச்சுரும்.

கொல்லங்கோடு, போலோ: ரேஸ் ஆயிலையே ஊத்திட்டா டாட் 4 தலைவலியே இல்லையே?

மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ஆயில்கள் புதுசுல 300 டிகிரிக்கு மேல தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் சேர்ந்த பிறகும் மத்ததைவிட நல்லாத் தாங்கும், அதுக்கேத்த விலையும் இருக்கு. ஆனா ரேஸ் ஆயில்னாலும் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். ரெண்டு வருசம் உள்ள கிடந்த ரேஸ் ஆயிலைவிடப் போன வாரம் போட்ட டாட் 4 மேல எனக்கு நம்பிக்கை அதிகம். முதல் தடவை போறவங்களுக்கு நல்ல கம்பெனியோட புது டாட் 4 இல்லைன்னா 5.1 போதும். உங்க வேகம் கூடி, அதுவும் கொதிக்க ஆரம்பிச்சா அப்ப ரேஸ் ஆயிலுக்குப் போங்க.

பொள்ளாச்சி, இன்னோவா: டிராக்கெல்லாம் எனக்கு வேண்டாம். வால்பாறை இறங்கறதுதான் பயமா இருக்கு. 40 கொண்டை ஊசி. டிராக்கைவிட அதுதானே பிரேக்குக்குக் கஷ்டம்?

நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளோட சேர்த்து 1200 கிலோ இருக்கற ஒரு சின்ன கார், டிராக்ல 120 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 60-க்கு வந்தா 500 கிலோஜூல் வெப்பம் பிரேக்குக்குப் போகும். அதே கார் மலையில 800 மீட்டர் உயரம் இறங்கினா ஏறக்குறைய 9400 கிலோஜூல். அதாவது டிராக்ல 19 தடவை ஓங்கி மிதிக்கறதுக்குச் சமம். உங்க இன்னோவா ஆள், லக்கேஜோட 2000 கிலோவைத் தாண்டும், அப்ப இது இன்னும் எவ்வளவு கூடும்னு நீங்களே பார்த்துக்குங்க.

ஆனா மலையில அது ஒரு மணி நேரத்துல பரவி வருது. டிராக்ல சில நிமிசத்துலயே அவ்வளவும் வந்துரும். கரி ரெண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டற சின்ன டிராக், வளைவு ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துரும், டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. மலையில உங்களுக்கு இன்னொரு உதவியும் இருக்கு, இன்ஜின். ரெண்டாவது கியர்ல இறங்கினா அந்த வெப்பத்துல பெரும்பங்கை இன்ஜினே வாங்கிக்கும். ஏறின கியர்லயே இறங்குன்னு பழைய டிரைவர்கள் சொல்றது இதுக்குத்தான்.

பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க. வேகம் கூடினா அழுத்தமா ஒருக்கா மிதிச்சுக் குறைச்சு, விட்டுருங்க. டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு நியூட்ரல்ல இறங்கற ஆளுங்களை ஆழியார் சோதனைச் சாவடிகிட்ட புகையற சக்கரத்தோட பார்த்திருக்கேன். அதுலயும் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கறது தற்கொலைதான். பிரேக் மிதிக்க உதவற பூஸ்டர்ல இருக்கற வாக்குவம் ரெண்டு மூணு மிதிக்குள்ள தீர்ந்துரும்.

கோபாலபுரம், தினமும் பொள்ளாச்சி ஸ்கூலுக்கு ஓட்டற டீச்சர்: என் பையன் டிராக் டேக்குப் போறேன்னு என் கார்ல ஏதோ ரேஸ் பேட் போட்டுட்டான். காலையில முதல் ரெண்டு மூணு மிதி சரியாப் பிடிக்கல. கேட் தாண்டறதுக்குள்ள தெருவே திரும்பிப் பார்க்குது, அவ்வளவு சத்தம். சொன்னா "சூடானா பிடிக்கும்மா"ங்கறான்.

அவர் சொல்றது உண்மைதாங்க டீச்சர். ஆனா ஸ்கூல் போற வழியில அது சூடாகவே ஆகாதே! முழு ரேஸ் பேட் நல்லாச் சூடான பிறகுதான் முழு பலத்துக்கு வரும். சூடாகாம இருக்கறப்போ சாதாரண பேட் அளவுக்குக்கூடப் பிடிக்காது, டிஸ்க்கையும் அரம் மாதிரி ராவும். சாதாரண பேட் இதுக்கு நேர் எதிர், முதல் மிதியிலேயே பிடிக்கும், சூடு ரொம்ப ஏறினா வழுக்கும். குறுக்க ஆடு வந்தா அது பேட் சூடாகற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்காது.

கம்பெனி பேட்டையே திரும்பப் போடச் சொல்லுங்க. டிராக்குக்கு வேணும்னா அவர் தனியா ஒரு செட் வெச்சுக்கிட்டு, முந்தின நாள் மாட்டி மறுநாள் கழட்டட்டும். முன்பக்கம் ஒரு மணி நேர வேலைதான். அதுக்குச் சோம்பேறித்தனம்னா ஃபெரோடோ டிஎஸ் 2500 மாதிரி ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவுல நிக்கற பேட் இருக்கு. தூசியும் சத்தமும் கொஞ்சம் இருக்கும். உங்க கார்ங்கறதால நான் முதல் வழியைத்தான் சொல்லுவேன்.

பொள்ளாச்சி, பலேனோ: பேட்ல எஃப்எஃப், ஜிஜின்னு எழுதியிருக்கே, ஜிஜி வாங்கினா நல்லதா?

முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல உராய்வு எவ்வளவுங்கறதுக்கு, ரெண்டாவது அதிகச் சூட்டுல எவ்வளவுங்கறதுக்கு. இ-ன்னா 0.25-ல இருந்து 0.35, எஃப்-ன்னா 0.35-ல இருந்து 0.45, ஜி-ன்னா 0.45-ல இருந்து 0.55. ரெண்டு எழுத்தும் ஒண்ணா இருந்தா அந்தச் சோதனையில சூடானபோதும் பிடிப்பு அதிகம் மாறலைன்னு அர்த்தம். ஆனா அந்தச் சோதனை டிராக் சூடு வரைக்கும் போறதில்ல, பேட் எவ்வளவு உழைக்கும்னும் சொல்லாது. பொய்ப் பேட்லயும் எழுத்து அச்சடிக்க முடியும், அதனால வாங்கற கடை முக்கியம்.

ஆனைமலை, ஆர்சி 390: பைக்குக்கு?

சின்டர்டு பேட், அதாவது உலோகத் தூளைச் சூட்டுல அழுத்திச் செஞ்சது. ஈரத்துலயும் சூட்டுலயும் பிடிக்கும். ஆனா டிஸ்க் அதுக்குப் பொருந்தற வகையான்னு பார்த்துட்டுப் போடுங்க. ஆயில் விஷயத்துல கார்காரங்களுக்குச் சொன்னதேதான்.

வேலந்தாவளம், வென்டோ: டிராக்ல இருந்து வந்ததுல இருந்து பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் நடுங்குது. டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

பெரும்பாலும் வளைஞ்சிருக்காதுங்க. கொதிக்கற டிஸ்க்கோட வந்து பிட்ல (டிராக் ஓரமா வண்டி நிறுத்தற இடம்) பிரேக்கை மிதிச்சுக்கிட்டே நின்னிருப்பீங்க. பேட் பொருள் அந்த ஒரு இடத்துல மட்டும் தடிமனா ஒட்டிக்கும், அதுதான் ஒவ்வொரு சுத்துக்கும் இடிக்குது. லேசா ஒட்டியிருந்தா நல்லா பெட் பண்ணினாலே போயிரும், இல்லைன்னா லேத்ல டிஸ்க்கை மேலாகச் சீவலாம், குறைஞ்சபட்சத் தடிமன் மிச்சம் இருந்தா மட்டும். இனிமே கடைசி லேப்பை பிரேக் தொடாம மெதுவா ஓட்டிட்டு வாங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க.

அதே நண்பர்: பெட் பண்றதுன்னா எப்படி?

புது பேட்டோட பொருள் டிஸ்க் மேல மெல்லிசா, ஒரே சீரா படியணும், அவ்வளவுதான். விடியக்காலை காலி ரோட்ல 60-ல இருந்து 10 வரைக்கும் ஒரு எட்டுப் பத்துத் தடவை மிதமா குறைங்க. முழுசா நிறுத்தக் கூடாது. அப்புறம் பத்து நிமிசம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. பேட் கம்பெனி வேற முறை சொல்லியிருந்தா அதையே பண்ணுங்க. மலை இறக்கத்துல இதைச் செய்யாதீங்க. புது பேட் முதல் தடவை நல்லாச் சூடாகறப்போ உள்ள இருக்கற பசை ஆவியாகி ஒரு நிமிசம் வழுக்கும்.

கொழிஞ்சாம்பாறை, ஃபிகோ: சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

பேட் தடிமன் பாருங்க. பாதிக்குக் கீழ இருக்கற பேட்டோட டிராக்குக்கே போயிருக்கக் கூடாது, மெல்லிசான பேட் வழியா சூடு நேரா பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் இறங்கும். மூணு மில்லிமீட்டர்தான் இருக்குன்னா மாத்தாம கிளம்பாதீங்க. வீல் நட்டு எல்லாம் இறுக்கமான்னு ஸ்பேனர் போட்டுப் பாருங்க. காலிப்பர்கிட்ட ஆயில் கசிவு இருக்கான்னு டார்ச் அடிங்க. இன்ஜின் ஓடறப்போ பெடலை அரை நிமிசம் அழுத்திப் பிடிங்க. மெல்ல மெல்ல கீழ இறங்கினாலோ, பொசபொசன்னு இருந்தாலோ, காரை அங்கேயே விட்டுட்டு பஸ் ஏறிருங்க. மறுநாள் ஆயிலோடயும் ஸ்பேனரோடயும் வந்து எடுத்துக்கலாம்.