இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

அன்புள்ள ஐயா,

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்துவிட்டது. பதினேழு நாள் கழித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெரிந்தும் நடந்ததென்றால், வேண்டுமென்றே விட்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் உண்டா? இல்லையென்றால், இத்தனை செலவில் புலனாய்வுப் பிரிவுகள் எதற்கு?

க., தெஹிவளை

அன்புள்ள க.,

வேண்டுமென்றே விட்டார்களா என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய கேள்வி. ‘தெரிந்திருந்தது, ஆகவே சதி’ என்று நீங்கள் தாண்டிப் போகும் இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு தகவல் வந்து சேர்வதற்கும், அதை நம்பி ஒருவர் உத்தரவு போடுவதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதுவும் உயிர்த்த ஞாயிறுதான். ஜப்பானியரின் இரகசியச் செய்திகளை ஓரளவு வாசித்திருந்த பிரித்தானியர், தாக்குதலை ஏப்ரல் முதலாம் திகதியளவில் எதிர்பார்த்தார்கள். பிரித்தானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் சமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் குறைந்துவிடவே, மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்துக்குத் திரும்பினார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த 4ஆம் திகதியன்றே, கொக்கல வாவியிலிருந்து பறந்த கற்றலினா விமானமொன்று ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. விமானி பேர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டார். ஆனால் அதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார். துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டன. இவ்வளவு தெரிந்திருந்தும், மறுநாள் காலை இரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் கிளம்பும்போது எதிரி தலைக்கு மேலே வந்துவிட்டான்; ராடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. கொழும்பிலிருந்து முதல்நாள் இரவே புறப்பட்ட இரண்டு போர்க்கப்பல்கள் அன்று பிற்பகல் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஜப்பானியருக்கும் ஒரு வியப்பு காத்திருந்தது: கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. (இன்று அங்கே கோப்பி குடிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!)

சமர்வில் மடையர் அல்லர். தகவல் சரி, நாள்தான் பிழைத்தது. மூன்று நாள் வராத எதிரி நாலாம் நாள் வருவான் என்று நம்புவது கடினம். இஸ்ரேலிலும் அதுதான் நடந்தது. 1973 மே மாதம் போர் வரும் என்று அஞ்சிப் பெருஞ்செலவில் படை திரட்டினார்கள்; போர் வரவில்லை. வராது என்று சொல்லியிருந்த இராணுவப் புலனாய்வுத் தலைவர் ஸெய்ராவின் மதிப்பு உயர்ந்தது. ஒக்டோபரிலும் அவர் அதையே சொன்னார். 6ஆம் திகதி பிற்பகல் எகிப்தும் சிரியாவும் தாக்கின.

ஆகவே பொய்யாய்ப் போன எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் கொழும்புத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். ‘தகவல் கிடைத்திருக்கிறது’ என்ற இரண்டு சொற்கள் போதும், நள்ளிரவில் கதவு தட்டப்படும். அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். இருட்டில் தேடக் கூடாது என்பதற்காக. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் தடுத்தது. யார், எங்கே, எப்போது என்று எதுவும் தெரியாத அரசு ஒரு தெருவையே சந்தேகித்தது.

இதனால்தான் 2019ஐ 1942உடன் சேர்த்துப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. திடீர்த் தாக்குதலைத் தடுப்பது கடினம் என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள 2019இல் பொறுப்பிலிருந்தவர்களுக்கு உரிமையில்லை. அப்போது வந்த தகவலில் பெயர் இருந்தது, அமைப்பு இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. ஜனவரியிலேயே புத்தளம் பக்கத்து வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டிருந்தன. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம்; பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைப்பதில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்த்ததும் இந்த அசட்டையைப் பார்த்துத்தான்.

புலனாய்வுப் பிரிவுகள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அந்த முறை அவர்கள் தகவலைப் பெற்றார்கள், எழுத்திலும் கொடுத்தார்கள். ஏப்ரல் 11ஆம் திகதிக் கடிதம் முக்கியஸ்தர்களுக்குக் காவல் கொடுக்கும் பொலிஸ் பிரிவுகளுக்குப் போனது. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு யாரும் சொல்லவில்லை.