பில் பாக்கிக்காக நோயாளியை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: 68 வயதான என் தந்தைக்குக் கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது. நான்கு இலட்சம் ரூபாய் அளவில் முடியும் என்றார்கள். பிறகு இரத்தக்கசிவு ஏற்பட்டு மேலும் சில நாட்கள் தங்க நேர்ந்தது. பில் ஏழரை இலட்சத்தைத் தாண்டியது. வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும், முழுப் பணத்தையும் கட்டினால்தான் விடுவோம் என்று மறுநாள் மாலை வரை அவரை நிறுத்தி வைத்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். நோய் நிர்ணய அட்டையைத் தவிர வேறு எந்த ஆவணமும் தரவில்லை. இரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை எடுப்பதை நாங்கள் சொல்லவில்லை என்று எங்கள் மீது பழி போடுகிறார்கள். ஆங்கிலப் படிவத்தில் என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆத்திரத்தில் தம்பி தாதியரைத் திட்டி, கண்ணாடிக் கதவொன்றையும் உடைத்துவிட்டான். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியபடியே நடந்திருந்தால், அந்த ஓரிரவு உங்கள் தந்தையை நிறுத்தி வைத்தது சட்டத்துக்கு முரணானது. பில் பாக்கி என்பது கடன். கடனை வசூலிக்க வைத்தியசாலைக்கு நீதிமன்றம் இருக்கிறது. நோயாளியைப் பிணையாகப் பிடித்து வைக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒருவரை முறையின்றி அடைத்து வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 333ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாங்கள் தடுக்கவே இல்லை, அவர்களாகவே இருந்தார்கள் என்று வைத்தியசாலை சொல்லும். எனவே யார் தடுத்தார், என்ன சொன்னார், வாசலில் யார் நின்றார் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். இதே நிலையில் இப்போது நிற்கும் வாசகர்கள், பணம் கட்ட வேண்டியே வந்தால், ‘ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்’ என்று பற்றுச்சீட்டின் பிரதியில் எழுதி, திகதியிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பில் தொகை வேறு விடயம். முதலில் சொன்ன நான்கு இலட்சம் மதிப்பீடாகவே சொல்லப்பட்டிருந்தால், இரத்தக்கசிவுக்கான சிகிச்சைச் செலவைக் கேட்க அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விபரப் பில் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம், வைத்தியர் கட்டணம், மருந்து, அறை வாடகை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். செய்யாத சேவைக்குப் பணம் பெற்றிருந்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு மூன்று மாதமே தருகிறது. தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபைக்கும் முறைப்பாட்டின் பிரதியை அனுப்புங்கள்; 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் வைத்தியசாலைகள் அங்குதான் பதிவு பெறுகின்றன.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மாத்திரை விவகாரம்தான். எடுக்கும் மருந்துகளை, சித்த ஆயுர்வேத மருந்துகள் உட்பட, வைத்தியரிடம் சொல்வது நோயாளியின் கடமை. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் சத்திரசிகிச்சைக்கு முன் அதைக் கேட்டறிவது வைத்தியரின் கடமை. உங்கள் தந்தையிடம் கேட்டார்களா? அவருக்கு விளங்கும் தமிழில் கேட்டார்களா? கேட்டிருந்தால், வைத்தியசாலையில் சேர்த்தபோது எழுதிய அனுமதிப் பத்திரத்திலோ, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரின் குறிப்பிலோ அது பதிவாகியிருக்க வேண்டும். இரு தரப்பிலும் தவறு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நட்டஈட்டைத் தவறின் அளவுக்கேற்பப் பங்கிட இடமளிக்கிறது. உங்கள் பக்கம் ஒரு குறை இருப்பதாலேயே வழக்கு அழிந்துவிடாது.

ஆகவே உங்கள் முதல் வேலை ஆவணங்களைக் கையில் எடுப்பதுதான். சிகிச்சைக் குறிப்பு, சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, தாதியர் பதிவு, சம்மதப் படிவம் ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதில் உங்கள் தந்தையே கையெழுத்திட வேண்டும், தகவல் அவருடையது. அரச வைத்தியசாலையாக இருந்திருந்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவரே விண்ணப்பித்திருக்கலாம். தனியாருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. மறுத்தால் வழக்கின்போது நீதிமன்றத்தின் ஊடாக வரவழைக்கலாம். ஆனாலும் எழுத்துக் கோரிக்கையை இப்போதே கொடுத்துவிட்டால், குறிப்புகளைத் திருத்தி எழுதும் துணிச்சல் குறையும்.

சம்மதப் படிவம் குறித்து ஒரு வார்த்தை. உங்கள் தந்தை சுயநினைவோடு இருந்தவர். அவருடைய உடலுக்குச் சம்மதம் தர வேண்டியவர் அவர், மகள் அல்ல. நம் நாட்டில் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு இது பெரும் வருத்தம், ஏனென்றால் முதியவர்கள் தம் உடலைப் பற்றிய முடிவில் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கோர இடமளிக்கும் நம் நாட்டின் தீங்கியல் சட்டம் ரோமன்–டச்சு மரபில் வந்தது. அதே மரபில் தென்னாபிரிக்க நீதிமன்றம் 1994இல் கஸ்டெல் எதிர் டி கிரீஃப் வழக்கில், முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்லாமல் பெற்ற சம்மதம் போதாது என்றது. நம் நீதிமன்றங்களில் அதை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

வழக்கு என்று இறங்கினால் கடினமான பகுதி எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குழந்தையின் இறப்புக்காக வைத்தியர் பிரியானி சொய்சா மீது தொடரப்பட்ட வழக்கில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபாய் நட்டஈடு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. வைத்தியரின் கவனயீனத்தாலேயே குழந்தை இறந்தது என்ற தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே காரணம். உங்கள் வழக்கிலும் மாத்திரைக்கும் கசிவுக்கும், கசிவுக்கும் அவர்கள் தவறுக்கும் உள்ள தொடர்பை மற்றொரு விசேட வைத்திய நிபுணர் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவரைக் கண்டுபிடித்த பிறகு வழக்கைத் தீர்மானியுங்கள்.

தம்பியின் செயலுக்கு நான் துணை நிற்க மாட்டேன். இரவு பகலாக நிற்கும் தாதியரைத் திட்டியதும் கதவை உடைத்ததும் தவறு. சொத்துச் சேதத்துக்கு அவன் மீது குற்றவியல் வழக்கே வரலாம். கதவின் பெறுமதியைச் செலுத்த முன்வந்து, அந்தத் தாதியரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். மன்னிப்பு அவன் செயலுக்கு மட்டுமே என்று கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். சிகிச்சை பற்றிய வாதங்கள் அதில் கலக்கக் கூடாது.

தந்தைக்கு இன்னும் கசிவு இருந்தால், கடிதங்களுக்கு முன் அவரைத் தேசிய வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் நிர்ணய அட்டையையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அது அரச நிறுவனம். அங்கு தமிழில் பேசவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நட்டஈட்டு வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வசதியில்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு, பில், பற்றுச்சீட்டு, அடகுச் சீட்டு, அனுப்பிய கடிதங்களின் பிரதிகளோடு போங்கள்.