நாடித்துடிப்பும் தலைக்கணக்கும்

அன்பின் ஐயா,

உவர்மலையில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு புத்தகம் எடுத்துப் பேசுகிறது. வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள் பாதி, ஆசிரியர்கள் பாதி. முன்னவர்களுக்கு மருத்துவத் திகில் நாவல் வேண்டும். ஆசிரியர்களோ அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட்டு, உளவியல், சமூகவியல் நூல்களைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். "நாவல் கற்பனை, மற்றது ஆய்வு" என்பது அவர்கள் வாதம். போன மாதக் கட்டுரையில் இரண்டையும் ஒரே சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எப்படி என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

க., திருகோணமலை

அன்பின் க.,

நாவல் என்றால் நேரத்தைப் பாருங்கள். சமூக அறிவியல் நூல் என்றால் யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள். இரண்டு வகையும் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும்.

நாவலின் பலத்தை முதலில் சொல்கிறேன், ஆசிரியர்களுக்காக. ரொபின் குக்கின் 'கோமா' 1977இல் வந்தது. எழுதியவர் வைத்தியர். கதையில் நோயாளியின் மூளையைச் சாகடித்து உறுப்புகளை விற்பதற்காக, எட்டாம் இலக்கச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும் ஒக்சிசனில் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயுவைக் கலக்கிறார்கள். இதில் கெட்டித்தனம் என்ன? மூச்சு முட்டினால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும், காயத்து இரத்தம் கறுக்கும். அந்தக் காலத்தில் மயக்கமருந்து வைத்தியர் பெரிதும் நம்பியிருந்தது அந்த நிறத்தைத்தான். காபன் மொனொக்சைட்டு ஒட்டிய இரத்தமோ பளிச்சென்று சிவந்தே இருக்கும். பிறகு இரத்தத்தின் ஒக்சிசன் அளவைச் சதவீதத்தில் காட்டும், விரல் நுனியில் மாட்டும் ஒக்சிமீற்றர் வந்தது. சாதாரண ஒக்சிமீற்றர் இரண்டே அலைநீள ஒளியைக் கொண்டு அளப்பதால் அதுவும் ஏமாந்துபோய் 98 என்று காட்டும். நாவல் வந்து இத்தனை வருடம் கழிந்தும் அந்தச் சூழ்ச்சி செல்லும்! ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதுபோலக் காட்டுகிறது என்று இவ்வளவு மனதில் பதிய எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது.

பலவீனமும் அதே கதையில் இருக்கிறது. காபன் மொனொக்சைட்டு மூளையை மட்டும் பார்த்துக் கெடுக்காது, இதயத் தசையையும் தாக்கும். மூளையைச் சாகடித்துவிட்டு மற்ற உறுப்புகளை விற்பனைக்குப் பழுதில்லாமல் வைத்திருப்பது கதாசிரியருக்கு மட்டுமே வாய்க்கும். அடுத்தது ஆள்கணக்கு. எடுத்த இதயம் குளிரில் ஏறத்தாழ 4 முதல் 6 மணித்தியாலம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் அளவில் தாங்கும், ஆனால் இரத்தவகையும் திசுப்பொருத்தமும் பார்த்தாக வேண்டும். ஆய்வுகூடம், இரண்டு சத்திரசிகிச்சைக் குழு, வாகனம், பதிவேடு என்று எத்தனை பேர்! இவ்வளவு பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு வார்ட்டில் வேலை செய்த எவரும் நம்பமாட்டார்கள்.

மட்டமான நாவல்களை உங்கள் வட்டத்துத் தாதிமார் பத்துப் பக்கத்தில் பிடித்துவிடுவார்கள். திரையில் கோடு நேராகிறது, டொக்டர் ஓடிவந்து மின்னதிர்ச்சி கொடுக்கிறார், நோயாளி கண் விழிக்கிறார். நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. அது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் சிகிச்சை. நேர்கோடு என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருக்கால் 1 மில்லிகிராம் அட்ரினலின் ஏற்றுவதும்தான் வேலை. பலன் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குளோரோஃபோம் நனைத்த லேஞ்சியும் அப்படித்தான்: ஆள் மயங்க நிமிடங்கள் ஆகும், நொடிகள் போதாது. தொற்றுநோய் நாவல்களில் வைரஸ் சில மணித்தியாலத்தில் ஆளைக் கொன்றுவிட்டு நாடு முழுக்கப் பரவுகிறது. அவ்வளவு வேகமாகக் கொன்றால் பரப்புவதற்கு ஆள் எங்கே? எபோலாவுக்கே அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் எடுக்கும்.

உண்மையான நேரம் கற்பனை நேரத்தைவிடத் திகிலானது. இந்த வகை நாவலாசிரியர்கள் மீது எனக்குள்ள பெரிய குறை அதைக் கண்டுகொள்ளாததுதான். 2017இல் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவைப் புரட்டிப்போட்ட டெங்குவை எடுங்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டார் மூச்சு விடுவார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. இரத்த நாளத்திலிருந்து நீர்மம் கசியும் அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கும், இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் பிசிவி ஏறும். சேலைன் குறைந்தால் இரத்தவோட்டம் தளர்ந்து அதிர்ச்சிநிலை, கூடினால் கசிந்த நீர் திரும்பும்போது நெஞ்சில் நிறைந்துவிடும். நம் நாட்டு வழிகாட்டலின்படி 50 கிலோ ஆளுக்கு, வாயால் குடிப்பதும் சேர்த்து, அந்த 48 மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ 4600 மில்லிலீற்றர்தான் அளவு. சிறுநீர் மணிக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறையாமல் போகிறதா என்று அளந்து, அதைப் பார்த்துச் சொட்டுவேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வில்லன் தேவையே இல்லை. ஒரு தாதி, ஒரு அளவுச் சாடி, ஒரு அட்டவணை போதும்.

இனி மற்றக் கட்சி. ஜனரஞ்சகச் சமூக அறிவியல் நூல்களின் பலம், பழகிப்போன ஒன்றை எண்ணிக்கையாக்கிக் காட்டுவது. பலவீனம், எண்ணிய ஆட்களை மறந்துவிட்டு "மனிதர்கள்" என்று எழுதுவது. மார்ஷ்மெலோ சோதனை எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் வரும்: கொஞ்சம் பொறுத்தால் இன்னொன்று தருவோம் என்று சொல்லி ஒரு இனிப்பை முன்னால் வைப்பார்கள்; தின்னாமல் காத்திருந்த பிள்ளை பின்னாளில் நன்றாகப் படிக்கும் என்பது முடிவு. பின்தொடர்ந்து பார்த்த பிள்ளைகள் 100க்கும் குறைவு, எல்லாரும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலைப் பிள்ளைகள். 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியானது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் மிஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடத்தான் அதே முடிவைத் தந்தன. இதை வெளியே கொண்டுவந்தவர்களும் அந்தத் துறைக்காரர்களே. அது நாவலுக்கு இல்லாத பலம். புத்தகக் கடையில் கிடக்கும் பழைய பதிப்பு மட்டும் தன்னைத் திருத்திக்கொள்ளாது. ஆகவே 2015க்கு முந்திய உளவியல் நூலை எடுத்தால், அதிலுள்ள முக்கிய சோதனை திரும்பச் செய்யப்பட்டதா என்று தேடிவிட்டுப் பேசுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான நோய், ஒற்றைக் காரணம். நாவலுக்கு ஒரு வில்லன் வேண்டும், நூலுக்கு அட்டையில் போட ஒரு கருத்து வேண்டும். எங்கள் மாவட்டத்தின் பதவி சிறிபுரவிலும் பக்கத்து வட மத்திய மாகாணத்திலும் விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோய் இதற்குச் சரியான சோதனை. கடின நீர், புளோரைட்டு, கட்மியம், வெயிலில் நீர் வற்றுவது, விவசாய இரசாயனம் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன, ஒன்றும் தனித்து நிற்கவில்லை. 2015இல் கிளைபோசேற்று என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. ஒரு வில்லனைப் பிடித்துவிட்டோம் என்ற நாவல் அவசரத்தில் கொள்கை எழுதினால் இப்படித்தான்.

மாறாக, ஒரு காரணம் உண்மையிலேயே வேலை செய்த இடமும் இங்கேதான். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47, உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. போர், இளைஞர் விரக்தி, குடும்பச் சிதைவு என்று எழுதிக் குவித்தார்கள். 2005 அளவில் அது பாதியானது, போர் முடிவதற்கு முன்பே. முக்கிய காரணம் அதிநச்சுப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது. ஒரு கண நேரக் கோபத்தில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரைத் தீர்மானித்தது. வாழ்க்கையின் பெரிய சோகங்களை மட்டும் ஆராய்ந்தவர்கள் வீட்டு மூலையில் இருந்த போத்தலைப் பார்க்கவில்லை.

அதனால் இரண்டு பாதியையும் மாற்றி உட்காரவையுங்கள். சமூகவியல் நூலை வைத்தியசாலைக்காரர்கள் எடுக்கட்டும். நூலிலுள்ள இறப்பு எண்ணிக்கை எங்கே பிறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கடலில் மிதந்த உடலுக்கு விபத்தா தற்கொலையா என்று திடீர் மரண விசாரணை அதிகாரி எழுதும் ஒரு சொல்லில், குடும்பம் கேட்டுக்கொண்டதும் சில நேரம் கலந்திருக்கும். ஆசிரியர்கள் நாவலை எடுத்து, ஒவ்வொரு மருத்துவக் காட்சியின் ஓரத்திலும் எத்தனை நிமிடம், எத்தனை மில்லிலீற்றர், எத்தனை பேர் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வரட்டும்.