உடல் எடையும் பெருங்குடல் புற்றுநோயும்: கேள்வி பதில்

குண்டாக இருந்தால் குடல் புற்றுநோய் வருமா?

வாய்ப்பு கூடும்; வந்தே தீரும் என்றில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உடல்பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களில் இதையும் சேர்த்தது. தராசோடு நிற்காமல் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்.

தொப்பைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து வடியும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போக, இன்சுலின் எடுபடாமல் போகிறது. ஈடுகட்ட கணையம் இன்னும் சுரக்கிறது. இன்சுலினும், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனும் மிகுந்தால் குடல் உட்சுவர்ச் செல்களில் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதங்களின் சங்கிலி முடுக்கிவிடப்படும்: செல்கள் வேகமாகப் பிரிந்து பெருகும், சாகவேண்டியவை சாகாது. போதாததற்கு, கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்களில் லெப்டின் ஏறும், அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் இறங்கும், ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதம் அழற்சியை அடங்கவிடாது.

எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி இல்லை. மரபுவழி அல்லாதவற்றில், மைக்ரோசாட்டிலைட் என்ற, மரபணுவில் திரும்பத்திரும்ப வரும் குட்டித் துண்டுகள் மாறாமல் நிலையாக இருக்கும் கட்டிகளோடுதான் பருமனின் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. ஆனால் குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களுக்குக் கட்டி பெரும்பாலும் நிலையற்ற வகை. அவர்களுக்கும் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது.

குண்டானவர்கள்தான் நோயோடு அதிக நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வு சொல்கிறதாமே?

நோயே எடையைத் தின்னும். கண்டறியும்போது மெலிந்திருப்பவர்களில் பலர் முற்றிய நிலையில் மெலிந்தவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் நன்றாகத்தான் தெரிவார்கள்.

அப்படியானால் ஆய்வு பொய்யா?

எண்கள் பொய்யில்லை, அளவுகோல்தான் கோணல். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றே. சிடி ஸ்கேனில் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப்பரப்பை அளந்தால், பருமனுக்குள் ஒளிந்திருக்கும் தசையிழப்பு வெளிப்படும். அப்படித் தசை இழந்தவர்களுக்குச் சிகிச்சைப் பலன் மோசம். நோயாளி தானாக மெலிவதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதிக எடைக்குக் கீமோ அளவைக் குறைப்பார்களா?

பக்கவிளைவு பயத்தில் குறைப்பதும், மருந்தளவுக்கு அடிப்படையான உடல்பரப்பை 2 சதுர மீட்டருக்கு மேல் கணக்கிடாததும் பழைய பழக்கம். குணப்படுத்தும் நோக்கில் தரும்போது உண்மையான எடைக்கே முழு அளவு என்பது 2012-இலேயே அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் சொன்னது. சிறுநீரகம், கல்லீரல் போன்ற வேறு காரணம் இருந்தால் தவிர. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தச் சாறு குடித்தால் தொப்பையும் புற்றும் கரையும்?

மூன்றாவது முறை கேட்கிறார்கள். எதுவும் இல்லை.

நான் ஒல்லி. மலத்தில் ரத்தம். மூலம்தானே?

ஊகிக்க மாட்டேன். ஒல்லியானவர்களுக்கும் வரும். இரும்புச்சத்து குறைந்திருந்தாலோ, முயலாமலே ஆறு மாதத்தில் 5% எடை போயிருந்தாலோ இன்னும் அவசரம். எடை விவாதத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) பற்றிக் கேளுங்கள்.