கல்லறைக்கு மறுபக்கம் நிற்பவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், வெள்ளைப் பூச்சுள்ள ஒல்லியான கிரேக்கக் குப்பி ஒன்றைப் பார்த்தேன். கல்லறைக்கல்லின் ஒரு பக்கம் கூடையுடன் ஒரு பெண், மறுபக்கம் ஓர் இளைஞன். ஈமச் சடங்குக்கான குப்பி என்று குறிப்பு சொன்னது. இருவர் முகத்திலும் துக்கமே தெரியவில்லையே, ஏன்?

ம.

அன்புள்ள ம.,

அந்த இளைஞன்தான் இறந்தவனாக இருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது லெகித்தோஸ் என்னும் எண்ணெய்க் குப்பி. இந்த வெள்ளைக் குப்பிகளைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் பெரும்பாலும் இறந்தவர்களுக்காகவே செய்தார்கள். பெண்கள் கல்லறைக்கு எண்ணெய் எடுத்துப் போவார்கள், கல்லைச் சுற்றி நாடா கட்டுவார்கள். அந்தக் காட்சியையே வரைந்து, அதற்குள் இறந்தவனையும் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஓவியர். பல குப்பிகளில் அவனைப் பிரித்துக் காட்ட எந்த அடையாளமும் இருக்காது. அவன் அங்கே நிற்பது அவளுக்குத் தெரிகிறதா என்பதையும் படம் சொல்லாது. கைநீட்டினால் தொடும் தூரம்தான், ஆனால் தொட முடியாது. இதைவிடப் பெரிய துக்கத்தை எப்படி வரைவது?

அலறி அழுவதை வரைந்த காலமும் அங்கே உண்டு. இந்தக் குப்பிகளுக்குச் சுமார் முந்நூறு வருடம் முன்பு, கி.மு. 750ஐ ஒட்டி, ஒரு பெண்ணின் கல்லறைமேல் வைத்த, டிபிலோன் ஜாடி என்று அழைக்கப்படும் பெரிய மண்ஜாடி இப்போது ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 1.55 மீட்டர். பாடையில் உடல் கிடக்க, இருபுறமும் தலையில் கைவைத்து அழுகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முகங்கள் வெறும் நிழல்கள், துக்கமெல்லாம் கைகளில்தான். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலுள்ள ஒரு வெள்ளைக் குப்பி அளவுக்கு எதுவும் என்னை உலுக்கியதில்லை. இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் ஓடக்காரன் கரோன் படகோடு வந்துவிட்டான். இந்தப் பக்கம் அம்மா. நடுவில் பொம்மை வண்டியோடு ஒரு சின்னப் பையன். அந்த வண்டியை வரையத் தோன்றிய மனிதரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்று, இந்தக் குப்பிகளில் பல வண்ணங்கள் சூளையில் சுட்டபிறகு பூசியவை. அதனால் எளிதில் உதிர்ந்துவிடும். சில உருவங்கள் ஆடையில்லாமல் தெரிவதற்குக் காரணம், ஆடையின் நிறம் போய்க் கோடு மட்டும் மிஞ்சியதுதான். நீங்கள் பார்த்த அமைதியில் கொஞ்சம் இப்படி நிறம் போனதாலும் வந்திருக்கலாம்.

அப்புறம், அடுத்தமுறை லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே, தனட்டோஸ் ஓவியர் என்று அழைக்கப்படும் பழைய கிரேக்க ஓவியரின் குப்பியைக் கேட்டுப் பாருங்கள். அதில் தூக்கமும் மரணமும் சிறகு முளைத்த இரண்டு ஆட்களாக வந்து, ஒரு போர்வீரனின் உடலைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.